லினக்ஸ் போட முன் ஹார்ட் டிஸ்க் பிரியாமல் அடம்பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் நின்ற பிறகு, மட்டக்களப்பில் என் மேசைக்கு வருகிற பழைய லெப்டொப்கள் கூடிவிட்டன. விண்டோஸ் 11 ஏறாத மெஷின்கள் அவை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுத் தாருங்கள் என்பார்கள், அதே வாயால் பிள்ளையின் ஏஎல் (உயர்தரப் பரீட்சை) நோட்ஸ் எல்லாம் விண்டோஸில் கிடக்கிறது, அதுவும் இருக்கட்டும் என்பார்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வைப்பது பெரிய வேலை இல்லை. லினக்ஸ் ஏறுவதற்கு அரை மணி நேரம் போதும். ஆனால் தாங்களே செய்யப் போய்ப் பதறிக்கொண்டு வருகிறவர்களில் அனேகம் பேர் அதற்கு முந்தின படியில், டிஸ்க்கைப் பார்ட்டிஷன் என்ற தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கிற இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த பழுதுகளை அறிகுறிப்படி எழுதுகிறேன். உங்கள் திரையில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எந்தத் தலைப்புக்குப் போக முன்னும் மூன்று காரியம்

முதலாவது, கொப்பி. டிஸ்க்கை விட்டு வெளியே, வேறொரு டிஸ்க்கில். 'எல்லாம் டி டிரைவ்ல போட்டு வச்சிருக்கன்' என்று சொல்லாத ஆள் எனக்குக் கிடைத்ததில்லை. சியும் டியும் ஒரே டிஸ்க்கின் இரண்டு துண்டு, டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்துதான் போகும். வெளி டிஸ்க்கில் கொப்பி எடுத்த பிறகு அதை வேறு கணினியில் சொருகி, நாலைந்து படம், ஒரு வீடியோ, ஒரு டொக்யுமென்ட் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத கொப்பியை நான் கொப்பி என்று எண்ணுவதில்லை.

இரண்டாவது, கரண்ட். லெப்டொப் என்றால் பட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் சொருகியிருக்க வேண்டும். டெஸ்க்டொப் என்றால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். மாரி காலத்தில், மழையும் காற்றும் தொடங்கிய நாளில், யூபிஎஸ் இருந்தாலும் தள்ளிப் போடுங்கள். படுவான்கரைப் பக்கத்தில் இருந்து வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை.

மூன்றாவது, எந்த டிஸ்க் என்று நிச்சயமாகத் தெரிவது. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் ஆகக் கூடிய சேதம் இங்கேதான் நடக்கிறது. பெட்டியில் 512 ஜிபி என்று எழுதியிருக்கும் எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 என்று காட்டும், 500 ஜிபி டிஸ்க்கை 465 என்றும், ஒரு டெராபைட்டை 931 என்றும், 256ஐ 238 என்றும் காட்டும். இடம் களவு போகவில்லை. விண்டோஸும், ஜீபார்ட்டட் என்ற லினக்ஸ் பார்ட்டிஷன் கருவியும் 1024இன் மடங்கில் எண்ணுகின்றன, தயாரித்தவர் 1000இன் மடங்கில் எண்ணுகிறார். உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ்களில் இருக்கிற டிஸ்க்ஸ் என்ற செயலியும் 1000 கணக்குத்தான், அதனால் அங்கே அதே டிஸ்க் 512 என்று வரும். இந்த இரண்டு எண்ணையும் முதலிலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். லினக்ஸ் பக்கத்தில் சி, டி என்ற பெயர்கள் கிடையாது. சாட்டா என்ற பழைய வகை டிஸ்க் எஸ்டிஏ, எஸ்டிபி என்றும், என்விஎம்ஈ என்ற புதிய வகை எஸ்எஸ்டி அந்தப் பெயரோடு ஓர் எண்ணும் சேர்ந்தும் வரும், லினக்ஸை ஏற்ற நீங்கள் சொருகியிருக்கும் பென் டிரைவுக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கும். லினக்ஸின் டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் எல்எஸ்பிஎல்கே என்ற ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் சிறிய எழுத்தாகத் தட்டினால் எல்லா டிஸ்க்கும் அளவோடு வரிசையாக வரும். ஒரே அளவில் இரண்டு டிஸ்க் இருந்தால் அளவை நம்பாதீர்கள். டிஸ்க்ஸ் செயலியில் மொடலும் சீரியல் எண்ணும் தெரியும், கடைசி நாலு எழுத்தை ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள். அதைவிட நல்லது, தேவையில்லாத டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைப்பது. கழற்றிய டிஸ்க்கை யாராலும் தவறுதலாக அழிக்க முடியாது.

அறிகுறி: ஷ்ரிங்க் செய்யப் போனால் மிகக் கொஞ்ச இடம்தான் தருகிறது

விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள் இருந்தே, டிஸ்க் மனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் வால்யூம் மூலம் சுருக்குவதுதான் பாதுகாப்பு. சி டிரைவில் 200 ஜிபி வெறுமையாக இருக்கும், ஆனால் ஷ்ரிங்க் 8 ஜிபிதான் தருவேன் என்று நிற்கும். நகர்த்த முடியாத ஒரு பைல் நடுவில் குந்திக்கொண்டிருக்கிறது என்பதுதான் அர்த்தம்.

ஆகச் சுலபமானதில் இருந்து தொடங்குங்கள். ஹைபர்னேஷனை, அதாவது வேலையை டிஸ்க்கில் எழுதிவைத்துத் தூங்கும் வசதியை, நிறுத்துங்கள்: கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, பவர் என்ற சொல்லோடு சிஎப்ஜி என்ற மூன்று எழுத்தை ஒட்டி, ஒரு இடைவெளி விட்டு மைனஸ் எச், இன்னொரு இடைவெளி விட்டு ஓப் என்று தட்டினால் போதும். இதோடு, விண்டோஸை வேகமாக எழுப்பும் பாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியும் நின்றுவிடும், அந்த நன்மை கீழே இன்னொரு தலைப்பில் விளங்கும். அடுத்து சிஸ்டம் ப்ரொடெக்ஷனை நிறுத்திப் பழைய ரீஸ்டோர் பொயின்ட்களை அழியுங்கள். அதற்கடுத்து விர்ச்சுவல் மெமரி அமைப்பில் பேஜிங் பைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும் பைல்) வேண்டாம் என்று கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது ஷ்ரிங்க்கைத் திரும்பத் திறந்தால் பெரும்பாலான மெஷின்களில் எண் நன்றாகக் கூடியிருக்கும். வேலை முடிந்த பிறகு பேஜிங் பைலையும் சிஸ்டம் ப்ரொடெக்ஷனையும் பழையபடி போட மறக்காதீர்கள்.

இன்னும் கூடவில்லையா? விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். எந்தப் பைல் வழிமறிக்கிறது என்று விண்டோஸே பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கும். அது சாதாரணப் பைல் என்றால் வெளி டிஸ்க்குக்கு நகர்த்தலாம். பெயரில் எம்எப்டி என்று இருந்தால் அது என்டிஎப்எஸ் என்ற விண்டோஸ் பைல் முறையின் உள் அட்டவணை, விண்டோஸால் அதை நகர்த்த முடியாது. அப்போதுதான் லைவ் பென் டிரைவில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவ்) இருந்து ஜீபார்ட்டட் மூலம் சுருக்க வேண்டும், அதுவும் விண்டோஸில் ஒரு தரம் டிஸ்க்கைப் பிழை பார்த்து, முழுதாக ஷட்டவுன் செய்த பிறகு.

ஒரு சின்னக் கவனம். ஷ்ரிங்க் பெட்டி கேட்பது எம்பியில். 60 ஜிபி வேண்டும் என்று 60 எனத் தட்டினால் 60 எம்பி மட்டும் வெட்டித் தரும். 60ஐ 1024ஆல் பெருக்கி 61440 என்று தட்டுங்கள். லினக்ஸ் மின்ட் ஆகக் குறைந்தது 20 ஜிபி கேட்கிறது, 100 இருந்தால் நல்லது என்கிறது. ஏஎல் பிள்ளைக்கு 60 போதும் என்பது என் அனுபவம். வெட்டிய இடத்தைக் கறுப்புப் பட்டையாக அப்படியே விடுங்கள், அதில் நியூ வால்யூம் உருவாக்க வேண்டாம்.

இடம் உண்மையாகவே இல்லை என்றால், 128 ஜிபி டிஸ்க்கில் இரண்டு சிஸ்டத்தையும் நெருக்காதீர்கள். இன்னொரு எஸ்எஸ்டி வாங்கி லினக்ஸை அதில் போடுவதுதான் கடைசி வழி, சில வேளை அதுவே முதல் வழியாக இருந்திருக்கலாம்.

அறிகுறி: வெட்டிய இடத்தைப் பயன்படுத்த முடியாது என்கிறது, அல்லது 'டைனமிக் டிஸ்க்' ஆக்கவா என்று கேட்கிறது

இது பழைய டெஸ்க்டொப்களின் நோய். டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்த முறையில் நாலு ப்ரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இடமில்லை. விண்டோஸ் 7 காலத்தில் கடையில் பிரித்துத் தந்த டிஸ்க்கில் சிஸ்டம் ரிசர்வ்ட் ஒன்று, சி, டி, ஈ என்று நாலும் நிறைந்திருக்கும். ஐந்தாவதைக் கேட்டால் விண்டோஸ் மிக மரியாதையாக டைனமிக் டிஸ்க்காக மாற்றவா என்று கேட்கும். வேண்டாம் என்றே சொல்லுங்கள். ஆம் என்றால் லினக்ஸ் இன்ஸ்டோலருக்கு அந்த டிஸ்க்கில் கை வைக்க முடியாது, திரும்ப பேசிக் ஆக்குவதற்கு விண்டோஸ் எல்லா வால்யூமையும் அழிக்கச் சொல்லும்.

சுலபமான வழி: ஈ டிரைவில் இருப்பதை வெளியே எடுத்து வைத்து, திறந்து பார்த்து, அந்த ஈயை அழிப்பது. அந்த இடத்தில் ஒரு எக்ஸ்டென்டட் பார்ட்டிஷன் போட்டால் அதற்குள் லொஜிக்கல் பார்ட்டிஷன் பல போடலாம், லினக்ஸ் லொஜிக்கலில் இருந்தும் கிளம்பும். கொஞ்சம் பெரிய வழி: டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றுவது. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில் இருந்து இதற்கு ஒரு கருவி உள்ளேயே இருக்கிறது, ஆனால் ப்ரைமரி மூன்றுக்கு மேல் இருந்தால் அது மறுக்கும், மதர்போர்டு யுஈஎப்ஐ என்ற புதிய எழுப்பும் முறை தெரிந்ததாகவும் இருக்க வேண்டும். இந்த வழி வேண்டும் என்றால் தெரிந்த ஆளிடம் கொடுங்கள்.

அறிகுறி: லினக்ஸ் இன்ஸ்டோலரில் டிஸ்க்கே தெரியவில்லை, பென் டிரைவ் மட்டும் தெரிகிறது

முதலில் பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்ப முன் திறக்கும் அமைப்புத் திரையில், பாருங்கள். அங்கேயும் டிஸ்க் இல்லையா? அப்படியென்றால் இது லினக்ஸ் பிரச்சினை இல்லை. டெஸ்க்டொப்பில் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டுங்கள், வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். கல்லடி, நாவலடி, திருக்கோவில் போன்ற கடலோர வீட்டு மெஷின்களில் உப்புக்காற்று பட்டு இணைப்புகள் மங்கிப்போவது வழக்கம். கழற்றி மாட்டினாலே எழும்பிய டிஸ்க்குகளை எண்ணிச் சொல்ல ஏலாது.

பயோஸில் தெரிகிறது, விண்டோஸும் ஓடுகிறது, லினக்ஸில் மட்டும் இல்லை என்றால், இன்டெல் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற டிஸ்க் நிர்வாக முறை ஒன்று பயோஸில் இயங்கிக்கொண்டிருக்கும். இன்டெல் 11ஆம் தலைமுறைக்குப் பிந்திய லெப்டொப்களில் இதை அதிகம் காண்கிறேன். அதை ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்ற வேண்டும், ஆனால் நேரே போய் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். முதலில் விண்டோஸில் எம்எஸ்கொன்பிக் திறந்து, பூட் பகுதியில் சேப் பூட் டிக் போடுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போதே பயோஸுக்குள் நுழைந்து மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேப் மோடில் ஒரு தரம் எழும்பும், அங்கே அந்த டிக்கை எடுத்துவிட்டுத் திரும்ப ரீஸ்டார்ட். சேப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் அடுத்த தலைப்பைப் படிக்காமல் பயோஸைத் தொடவே வேண்டாம்.

அறிகுறி: டிஸ்க் தெரிகிறது, ஆனால் விண்டோஸைக் காணவில்லை, அல்லது பிட்லொக்கரை நிறுத்து என்கிறது

புதிய லெப்டொப்களில் பிட்லொக்கர் என்ற என்க்ரிப்ஷனால் டிஸ்க் பூட்டப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசொப்ட் கணக்கால் நுழைந்தால் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். செட்டிங்ஸில் டிவைஸ் என்க்ரிப்ஷன் என்ற இடத்தில் பாருங்கள். மீட்புத் திறப்பு 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி, மைக்ரோசொப்ட் கணக்குக்குள் போனால் கிடைக்கும். அதை முதலில் தாளில் எழுதுங்கள், அந்த லெப்டொப்புக்குள்ளேயே சேமித்து வைப்பதில் பிரயோசனமில்லை. பிறகு என்க்ரிப்ஷனை நிறுத்தி, முழுதாக அவிழும் வரை விடுங்கள், சில மணி நேரம் போகலாம். அந்த 48 இலக்கம் எங்கேயும் இல்லாமல் டிஸ்க் பூட்டிக்கொண்டால், மட்டக்களப்பில் மட்டுமல்ல, கொழும்பிலும் எவராலும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்ப வேண்டாம்.

பூட்டு இல்லை, ஆனாலும் விண்டோஸோடு சேர்த்து நிறுவு என்ற தெரிவு வரவில்லை என்றால், பென் டிரைவை எந்த முறையில் எழுப்பினீர்கள் என்று பாருங்கள். விண்டோஸ் யுஈஎப்ஐயில் இருக்க, பென் டிரைவ் பழைய லெகசி முறையில் எழும்பினால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. பூட் மெனுவில் அதே பென் டிரைவ் இரண்டு தரம் வரும், யுஈஎப்ஐ என்று முன்னால் எழுதியிருப்பதை எடுங்கள்.

இன்ஸ்டோலர் 'முழு டிஸ்க்கையும் அழித்து நிறுவு' என்பதை மட்டும் காட்டுகிற நேரத்தில், வேறு வழியில்லை என்று அதை அமுக்கியவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திரையில் இருந்து வெளியே வர எப்போதும் வழி இருக்கிறது, மெஷினை நிறுத்துங்கள். கடைசி உறுதிப்படுத்தலை அழுத்தும் வரை டிஸ்க்கில் ஒன்றும் மாறியிருக்காது.

கையாலே பார்ட்டிஷன் தெரிவு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 100 எம்பி அளவில் சிஸ்டத்தை எழுப்பும் பைல்கள் உள்ள ஒரு சின்ன ஈஎப்ஐ பார்ட்டிஷன் இருக்கும். லினக்ஸ் அதைப் பகிர்ந்துகொள்ளும், ஆனால் போர்மட் டிக் போடக்கூடாது. போட்டால் விண்டோஸ் பத்திரமாக இருக்கும், எழும்பத்தான் மாட்டாது.

அறிகுறி: ஜீபார்ட்டட்டில் பார்ட்டிஷன் பக்கத்தில் பூட்டோ திறப்போ போலச் சின்னப் படம், ரீசைஸ் மங்கலாக இருக்கிறது

லைவ் சிஸ்டம் அதை இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. வலது கிளிக் செய்து அன்மவுன்ட். ஸ்வொப் (லினக்ஸின் பேஜிங் இடம்) என்றால் ஸ்வொப் ஓப். அவ்வளவுதான்.

பூட்டு இல்லாமல் மஞ்சள் எச்சரிக்கை இருந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் விண்டோஸ் உண்மையில் ஷட்டவுன் ஆகவில்லை, பாஸ்ட் ஸ்டார்ட்டப்பால் பாதித் தூக்கத்தில் இருக்கிறது. லினக்ஸ் கருவியால் அதை வலுக்கட்டாயமாகச் சரிசெய்யாமல், திரும்ப விண்டோஸுக்குப் போய் ஹைபர்னேஷனை நிறுத்தி, ஷிப்ட் விசையைப் பிடித்தபடி ஷட்டவுன் கொடுங்கள். பிறகும் மஞ்சள் என்றால் விண்டோஸிலேயே டிஸ்க் பிழை பார்க்கும் கருவியை ஓட்டுங்கள்.

அறிகுறி: எல்லாம் ஆமை வேகம், டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம்

பிரிக்க வேண்டாம். சத்தம் இல்லாமல் வேகம் மட்டும் குறைவு என்றால், டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் என்ற டிஸ்க் ஆரோக்கியத் தகவலைத் திறந்து 5, 197, 198 என்ற மூன்று வரியைப் பாருங்கள். 5 மாற்றிப்போட்ட செக்டர், 197 வாசிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர், 198 திருத்த ஏலாதது. மூன்றும் பூச்சியமாக இருந்தால் வேகக் குறைவுக்கு வேறு காரணம் தேடலாம். 197இல் எண் இருந்தால் உடனே கொப்பி எடுங்கள், அந்த டிஸ்க்கில் லினக்ஸ் போடுகிற யோசனையை விட்டுவிடுங்கள். டக் டக் சத்தம் கேட்டால் கொப்பிகூட நீங்கள் எடுக்க வேண்டாம், கரண்டை நிறுத்தி டேட்டா மீட்பவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தரம் போட்டுப் பார்க்கும்போதும் உள்ளே இன்னும் கொஞ்சம் கீறுப்படுகிறது.

அறிகுறி: பாதியில் கரண்ட் போய்விட்டது

பார்ட்டிஷனின் வலது பக்கத்தைச் சுருக்குவது சின்ன வேலை. இடது பக்கத்தை இழுத்தால் உள்ளே இருக்கும் அத்தனை தரவும் இடம் மாற வேண்டும், பழைய டிஸ்க்கில் அது மணிக்கணக்கு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுக்கக் கரண்ட் போன அன்று, ஒரு டியூசன் வகுப்பின் டெஸ்க்டொப்பில் டி டிரைவை நான் இப்படித்தான் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். யூபிஎஸ் இருபது நிமிடம் தாக்குப் பிடித்தது, ஜீபார்ட்டட் பட்டை 61 சதவீதத்தில் நின்றது. முதல் நாள் இரவு எடுத்த கொப்பி இருந்தபடியால் பிள்ளைகளின் புள்ளிப் பட்டியல் தப்பியது. அன்றிலிருந்து நான் இடது பக்கம் இழுப்பதே இல்லை, தேவையென்றால் வெளியே எடுத்து, அழித்து, புதிதாகப் போட்டு, திரும்ப உள்ளே வைக்கிறேன்.

உங்களுக்கு இது நடந்தால் அதே வேலையைத் திரும்பத் தொடங்காதீர்கள், விண்டோஸ் டிஸ்க்கைத் திருத்தவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொப்பி இருந்தால் அழித்துப் புதிதாகப் போடுங்கள். கொப்பி இல்லாமல் நடுவில் நின்றது இடமாற்றம் என்றால் தொழில் தெரிந்தவர் வேலை.

அறிகுறி: லினக்ஸ் ஏறிவிட்டது, மெனுவில் விண்டோஸ் இல்லை

விண்டோஸ் அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம், முதலில் டிஸ்க்ஸ் செயலியில் அந்த என்டிஎப்எஸ் பார்ட்டிஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பயோஸின் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மனேஜரைத் தெரிந்து எழுப்பிப் பாருங்கள். மெனுவைக் காட்டும் க்ரப்பின் 2.06 பதிப்பில் இருந்து வேறு சிஸ்டம் தேடும் வசதி இயல்பாக அணைத்தே வருகிறது. க்ரப் அமைப்புப் பைலில் அதை இயக்கி, மெனுவைப் புதுப்பித்தால் விண்டோஸ் வரும்.

அறிகுறி: தவறான பார்ட்டிஷனை அழித்துவிட்டேன்

கையை எடுங்கள். அழித்ததும் தரவு போய்விடுவதில்லை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்புத்தான் போயிருக்கிறது. அந்த டிஸ்க்கில் அடுத்து எழுதப்படும் ஒவ்வொரு எழுத்தும்தான் தரவை அழிக்கும்.

ஆரையம்பதியில் இருந்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வந்தார், டெஸ்க்டொப்பின் டிஸ்க்கை மட்டும் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். மருமகன் லினக்ஸ் போடப் போய் டி டிரைவை அழித்துவிட்டார். 'மகள்ட கலியாணப் படமெல்லாம் போயிட்டா தம்பி?' என்று கேட்டார். பிறகு என்ன செய்தீர்கள் டீச்சர் என்றேன். ஒன்றும் செய்யவில்லை, மருமகனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுவிட்சை நிறுத்திவிட்டேன் என்றார். அந்தச் சுவிட்ச்தான் படங்களைக் காப்பாற்றியது.

லைவ் பென் டிரைவில் அழிந்த பார்ட்டிஷனைத் தேடித் தரும் டெஸ்ட்டிஸ்க்கை ஓட்டினோம். டிஸ்க்கைத் தெரிந்து, அனலைஸ், க்விக் சேர்ச். பழைய டி பச்சை வரியாக வந்தது. அந்த இடத்தில் பீ விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் பைல் பெயர்கள் தெரியும். போல்டர் பெயர்களை டீச்சரே ஒவ்வொன்றாக வாசித்து உறுதி சொன்ன பிறகு, முதலில் படங்களை வெளி டிஸ்க்குக்கு எடுத்தோம், அதற்குப் பிறகுதான் பார்ட்டிஷனைத் திரும்ப எழுதும் ரைட் கொடுத்தேன். பைல் பெயர்கள் சரியாகத் தெரியாமல் ரைட் கொடுக்கக் கூடாது.

அழித்த இடத்தில் லினக்ஸும் ஏறிவிட்டது என்றால் போட்டோரெக் என்ற மீட்புக் கருவி மூலம் எழுதப்படாத பகுதியில் இருந்து படங்களை மீட்கலாம், பைல் பெயர்கள் வராது. அதுவும் சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால்தான். எஸ்எஸ்டியில் லினக்ஸ் பார்ட்டிஷன் போர்மட் ஆகும்போதே பழைய இடத்தை வெறுமை என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடும், அதன் பிறகு மீட்பவருக்கும் எடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எஸ்எஸ்டியில் தவறு நடந்து, இன்னும் போர்மட் ஆகவில்லை என்றால், உடனே மெஷினை நிறுத்தி, வேறு எதையும் முயலாமல், டெஸ்ட்டிஸ்க் ஓட்டிப் பழகியவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.